முழுக்கைச் சட்டை

கண்ணு,

மூன்று வாரமாக நீ கூப்பிடவில்லை. வேலை இருக்கும், குட்டி தூங்கவிட்டிருக்க மாட்டான், தெரிகிறது. கடைசியாக வீடியோவில் பேசியபோது சட்டைக் கையை இரண்டு முறை கீழே இழுத்துவிட்டுக்கொண்டாய். அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. குட்டிக்கு மூளையைத் தூண்டும் சிகிச்சை கொடுக்க எங்கோ பேசி வைத்திருக்கிறீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் இவனைப் போன்ற பிள்ளைகளுக்குப் புலன் சிகிச்சை கொடுக்கும் வேலை பார்த்தவள், எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் அவன் காதைக் காட்டு. தலையை மோதிக்கொள்ளும் பிள்ளைக்குக் காது, பல், வயிறு மூன்றையும் பார்த்த பிறகுதான் மற்றது. நடுக்காதில் சீழ், சொத்தைப் பல், நாள்கணக்கில் இறுகிப்போன மலம், நெஞ்செரிச்சல், இதில் எது இருந்தாலும் பேச்சு வராத பிள்ளை வேறு எப்படித்தான் சொல்லும்? ஒரே பக்கமாக அடித்துக்கொள்கிறானா, படுத்ததும் கூடுகிறதா, சாப்பிட்டு முடித்ததும் கூடுகிறதா என்று கவனி. நடுவில் சில நொடி பார்வை நிலைகுத்தி, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு மற்ற பிள்ளைகளைவிட அதிகம் வரும். கீழே நான் சொல்லப்போகும் ஊஞ்சலுக்கும் அந்த மூளைத் தூண்டலுக்கும் இது தெரிந்தே ஆக வேண்டும்.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம். எதையும் மாற்றாமல் பத்து நாள் எழுது. மணி என்ன, அதற்கு முந்தைய நிமிஷம் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், எத்தனை முறை, உடனே நீங்கள் என்ன செய்தீர்கள். தூக்கம், மலம், வீட்டுச் சத்தம், இவற்றுக்கு ஓரத்தில் ஒரு வரி. 'ரொம்ப அடம்' என்று எழுதாதே. 'நெற்றியால் சுவரில் 6 முறை, 2 நிமிஷம்' என்று எழுது. பத்தாம் நாள் படித்தால் உனக்கே புரியும். யாரும் பக்கத்தில் இல்லாமல், யாரும் எதுவும் கேட்காமல், தனியாக இருக்கும்போதும் அதே அளவு செய்கிறான் என்றால், அந்த மோதலே அவன் உடம்புக்கு எதையோ கொடுக்கிறது. பல் தேய்க்கவோ உட்கார்ந்து எழுதவோ சொன்னால் மட்டும் செய்கிறான் என்றால், அவன் அந்த வேலையிலிருந்து தப்பிக்கிறான். நீ போனை எடுத்ததும் செய்கிறான் என்றால், உன்னைக் கூப்பிடுகிறான். பின்னிரண்டுக்கும் ஊஞ்சல் கட்டிப் பயனில்லை. வேலையைச் சின்னதாக வெட்டிக் கொடுக்கவும், 'போதும்', 'வா' என்று கேட்க ஒரு வழி சொல்லித் தரவும் வேண்டும். அதை நீ நன்றாகவே செய்வாய். நீ வரைந்து கொடுத்த படக்கார்டை மூன்றே நாளில் எடுத்துவந்து நீட்டினானே, என்னிடம் வந்த பிள்ளைகளில் அவ்வளவு சீக்கிரம் செய்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

உடம்புதான் கேட்கிறது என்று தெரிந்தால், எதைக் கொடுப்பது என்பதைவிட எப்போது கொடுப்பது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். மோதினான், உடனே தூக்கி ஊஞ்சலில் வைத்தோம், அடங்கிவிட்டான். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மோதினால் ஊஞ்சல் வரும் என்று கற்றுக்கொள்கிறான், ஒரு மாதத்தில் மோதல் கூடும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடு. நோட்டில் சராசரியாக 20 நிமிஷத்துக்கு ஒரு முறை என்று இருந்தால், 15-ஆம் நிமிஷம் நீயே கொடுத்துவிடு. ஒரு வாரம் அடங்கினால் 18, பிறகு 20 என்று மெல்லத் தள்ளு. அவன் கார்டைக் காட்டிக் கேட்டால் அந்த நொடியே கொடு. மோதலுக்கு நடுவில் மட்டும் கொடுக்காதே. அந்த நேரத்தில் தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தலையணையைச் செருகு, முகத்தில் எதையும் காட்டாமல், பேசாமல்.

எதைக் கொடுப்பது என்பதையும் நோட்டுதான் சொல்லும். தலையில் அதிர்வைத் தேடுகிறவனுக்கு வண்ண விளக்கு காட்டினால் நிற்காது, அந்த அதிர்வுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றைத்தான் ஏற்றுக்கொள்வான். கைக்குள் அடங்கும் அதிர்வுக் கருவி, இரண்டு கையாலும் சுவரைத் தள்ளுவது பத்து முறை, புத்தகம் நிரப்பிய பெட்டியைக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளுவது, மெத்தைமேல் குதிப்பது. தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுப்பவைதான் அதிக நேரம் அமைதியைத் தாங்கும், ஆபத்தும் குறைவு. அதிலிருந்து தொடங்கு.

ஊஞ்சல் என்றால் முன்னும் பின்னும், மெதுவாக, ஒரே தாளத்தில். அது அடக்கும். சுற்றுவது கிளப்பிவிடும். சுற்றிய களைப்பும் குமட்டலும் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தும் வரும் என்பதால் பலர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. முகம் வெளுத்தால், வியர்த்தால், கொட்டாவி விட்டால் உடனே நிறுத்து. வலிப்பு சந்தேகம் இருந்தால் வேகமாகச் சுற்றுவதும் மின்னும் விளக்கும் வேண்டவே வேண்டாம்.

எடை வைத்த சட்டையும் போர்வையும் எல்லோரும் வாங்குகிறார்கள். வழக்கமாகச் சொல்லும் கணக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம், அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 1 முதல் 2 கிலோ. 15, 20 நிமிஷம் போட்டுக் கழற்றிவிட வேண்டும், நாள் முழுக்கப் போட்டால் உடம்பு அதை மறந்துவிடும். எடைபோட்ட சட்டைகள் நடத்தையை மாற்றியதற்கு நம்பும்படியான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. போர்வையை வைத்து ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் 2014-ல் செய்த பரிசோதனையில் தூக்கம் கூடவில்லை, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். அவனாகவே தள்ளிவிட முடியாத போர்வையைப் போடாதே. தலையை மூடாதே. போர்த்திவிட்டு அறையை விட்டுப் போகாதே. அப்படிப் போர்த்தி உயிர் போன பிள்ளை உண்டு.

காது மூடும் ஹெட்போன் சத்தமான இடத்துக்கு மட்டும். நாள் முழுக்க மாட்டினால் சின்னச் சத்தமும் தாங்காமல் போகும். காதைக் காட்டினாயா?

என் துறையை நானே குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. அமெரிக்காவில் இதே தொழில் பார்த்த ஜீன் ஏயர்ஸ் அம்மையார், தொடுதல், அசைவு, சத்தம் எல்லாவற்றையும் மூளை எப்படிச் சேர்த்துக்கொள்கிறது என்னும் புலன் ஒருங்கிணைப்பைப் பற்றி 1972-ல் எழுதிய புத்தகத்தை வைத்துத்தான் நாங்கள் எல்லோரும் தொழில் கற்றோம். புலன் சார்ந்த சிரமம் உண்மை. 2013-ல் டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறியும் கையேடு, அதை ஆட்டிசத்தின் அடையாளங்களிலேயே சேர்த்துவிட்டது. சிகிச்சையின் பலன்தான் கலந்து நிற்கிறது. 2014-ல் 32 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், பெற்றோர் வகுத்துக்கொண்ட இலக்குகளில் முன்னேற்றம் தெரிந்தது. 2022-ல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வில் 138 பிள்ளைகள், ஆளுக்கு 26 அமர்வு. வழக்கமான கவனிப்பைவிட எரிச்சலோ கலக்கமோ குறையவில்லை. நெதர்லாந்தில் 1970-களில் உருவான, மங்கிய விளக்கும் மெல்லிய இசையும் மெத்தையும் வைத்த ஸ்னூஸலென் அறையும் அப்படித்தான், உள்ளே இருக்கும்வரை பிள்ளை அமைதியாக இருக்கும், வெளியே வந்த பிறகு அந்த அமைதி கூடவே வருவது அரிது. அதனால் யார் எதைச் சொன்னாலும் உன் நோட்டை வைத்துச் சோதித்துப் பார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டு வாரம் கொடு, ஒரு வாரம் நிறுத்து, மறுபடி கொடு. கொடுக்கும்போது மோதல் எண்ணிக்கை இறங்கி, நிறுத்தும்போது ஏறினால் நம்பு.

இப்போது அந்த மூளைத் தூண்டல். காந்தச் சுருளைத் தலைமேல் வைத்துத் துடிப்பு விடுவது ஒன்று. அமெரிக்காவில் 2008-ல் பெரியவர்களின் மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்தது. ஆட்டிசத்துக்கு அனுமதி இல்லை. வலிப்பைத் தூண்டலாம், காதுக்குள் பொருத்திய கருவி இருந்தால் கூடவே கூடாது. சுத்தியல் தட்டுவதுபோலச் சத்தம் போடும், குட்டியின் காது அதைத் தாங்குமா என்று யோசி. இன்னொன்று, உப்புநீரில் நனைத்த பஞ்சுப் பட்டை வழியாக 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிஷம் போல விடுவது. பஞ்சு காய்ந்தாலோ தோலில் கீறல் இருந்தாலோ தோல் பொசுங்கும். அவனுக்கு நெற்றியில் எப்போதும் ஒரு கீறல் இருக்கிறது. சின்னப் பிள்ளையின் மண்டையோடு மெல்லியது, பெரியவர்களுக்கு வகுத்த அளவு இவனுக்குள் அதிகமாகப் போகும். ஆராய்ச்சி நடக்கிறது, நல்லது வரட்டும். நெறிமுறைக் குழு ஒப்புதலோடு, கருவியை வைத்துவிட்டு உண்மையில் தூண்டாமல் விடும் போலித் தூண்டலோடு ஒப்பிட்டு, இலவசமாக நடக்கும் ஆய்வு என்றால் உட்கார்ந்து பேசலாம். தலையில் எந்த இடம், எத்தனை மில்லிஆம்பியர், எத்தனை அமர்வு, முன்னதாக ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைப் பதிவு, எடுப்பார்களா, பலனை அளப்பவர் சிகிச்சை கொடுப்பவர்தானா என்று கேள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடு. வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் பெட்டியை மட்டும் தொடாதே.

காது காது என்று ஏன் சொல்கிறேன் என்று நினைப்பாய். உன் அண்ணனுக்கு ஆறு வயதில் புலன் சிகிச்சை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பிரஷ்ஷால் கைகாலைத் தேய்த்து மூட்டை அழுத்தினேன். அவன் இடது காதை அடித்துக்கொண்டே இருந்தான். 'அழுத்தம் தேடுகிறான்' என்று எழுதிவைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அழுதான், பழகிவிடும் என்றேன். பதினோரு வாரம். தலையணை உறையில் கறையைப் பார்த்த அன்றுதான் காதைப் பார்க்கத் தோன்றியது. செவிப்பறை ஓட்டையாகிவிட்டிருந்தது. நீ சின்ன வயதிலிருந்தே அவனுடைய வலப்பக்கமாக நின்று பேசுவாயே, அது இதனால்தான். பிறவிக் குறை என்று உங்கள் அப்பாவிடம்கூடச் சொல்லிவைத்தேன். தொழில் தெரிந்தவள் நானே பார்க்கத் தவறியதை யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டேன். உன்னிடம் சொல்கிறேன்.

கடித்தால் கையை வெளியே இழுக்காதே, சதை கிழியும். அவன் வாய்ப்பக்கமாகவே மெல்ல உள்ளே அழுத்து, தாடை தானாகத் திறக்கும், மூக்கை மட்டும் மூடிவிடாதே. தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் ஐந்து நிமிஷமாவது கழுவி, அன்றே மருத்துவரிடம் போ. மனிதக் கடி சீக்கிரம் சீழ் பிடிக்கும். கெட்டித் துணியில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லதுதான், அது அவன் பல்லுக்காக இருக்கட்டும். என்னோடு பேசும்போது கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்.

அம்மா