விட்டேக்கரை விட்டுவிட்டு டிராம்மெலா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ஆலன் டிராம்மெல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் பேஸ்பால் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுபவர்கள் குறைவு. அதற்கு முதலில் என் நன்றி. 1977 முதல் 1996 வரை இருபது சீசன், கடைசி வரை டெட்ராய்ட் டைகர்ஸ் ஒரே அணி, 2,365 ஹிட் (பந்தை அடித்து ஓடிச் சேர்ந்தவை), நான்கு கோல்ட் கிளவ் (சிறந்த தடுப்பாட்டத்துக்கான விருது), 1984 உலகத் தொடரின் (ஆண்டின் இறுதிச் சாம்பியன் போட்டி) சிறந்த ஆட்டக்காரர் விருது. கட்டுரையாளர் சொன்ன கணக்கு எல்லாமே சரி. ஆனால் லூ விட்டேக்கர் பெயர் கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு இடத்தில், 'சக ஆட்டக்காரர்' என்று போகிற போக்கில் வந்து போகிறது. எண்பதுகளில் டெட்ராய்ட்டுக்கு வேலைக்கு வந்து, டைகர்ஸ் ஆட்டங்களைப் பார்த்தே இந்த விளையாட்டைப் புரிந்துகொண்டவன் நான். என்னால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஓட்டக்காரர் வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்கள்தான் பேஸ். டிராம்மெல் ஆடிய ஷார்ட்ஸ்டாப் நிற்பது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில். இரண்டாம் பேஸின் மறுபக்கம் செகண்ட் பேஸ்மேன், அதாவது விட்டேக்கர். முதல் பேஸில் ஒரு ஓட்டக்காரர் இருக்கும்போது தரையோடு ஒரு பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் வந்தால், அவர் எடுத்து செகண்ட் பேஸ்மேனிடம் தர வேண்டும். அவர் பேஸை மிதித்து ஒருவரை அவுட்டாக்கிவிட்டு, அதே வேகத்தில் முதல் பேஸுக்கு எறிந்து அடித்தவரையும் அவுட்டாக்க வேண்டும். கிரிக்கெட் பழகிய நம் வாசகர்கள் ஒரே பந்தில் இரண்டு ரன் அவுட் என்று எண்ணிக்கொள்ளலாம். எல்லாம் நான்கு நொடிக்குள் முடிய வேண்டும். ஓடி வருகிறவர் செகண்ட் பேஸ்மேனின் காலை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வருவார். பந்து அரை அடி தள்ளி வந்தாலும் ஆட்டம் கெட்டது, சில நேரம் முழங்காலும் கெட்டது. டிராம்மெல் தந்த பந்து விட்டேக்கரின் நெஞ்சு உயரத்தில், அவர் எறியும் கைக்குத் தோதாக வந்து சேரும். விட்டேக்கர் பந்தை வாங்கினாரா, தட்டிவிட்டாரா என்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் அது முதல் பேஸுக்குப் போய்க்கொண்டிருக்கும். டைகர் ஸ்டேடியத்தில் பல இருக்கைகளுக்கு முன்னால் இரும்புத் தூண் நின்று மறைக்கும். கழுத்தை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை நீட்டித்தான் நாங்கள் பார்த்தோம்.

இருவரும் மேஜர் லீக்கில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலைப் போட்டி) முதன்முதலாகக் களமிறங்கியது ஒரே நாளில், ஒரே ஆட்டத்தில்: 1977 செப்டம்பர் 9, பாஸ்டன் ஃபென்வே பார்க். டிராம்மெலுக்கு அப்போது வயது 19, விட்டேக்கருக்கு 20. அதற்கு முந்தைய ஆண்டு வரை விட்டேக்கர் மூன்றாம் பேஸ் ஆடியவர். செகண்ட் பேஸை அவர் கற்றுக்கொண்டதே டிராம்மெலுடன் சேர்ந்துதான். அதன்பிறகு 1,918 ஆட்டங்கள் சேர்ந்து ஆடினார்கள். இந்த விளையாட்டின் வரலாற்றில் வேறு எந்த ஷார்ட்ஸ்டாப் – செகண்ட் பேஸ் ஜோடியும் இவ்வளவு நீண்ட காலம் நிலைத்ததில்லை.

1984 உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தைக் கட்டுரையாளர் டிராம்மெலின் தனி வெற்றியாக எழுதியிருக்கிறார். அன்று டெட்ராய்ட் 4–2 என்று ஜெயித்தது. நான்கு ஓட்டமும் டிராம்மெல் அடித்த இரண்டு ஹோம் ரன்னில் (நம் சிக்சர் போன்ற அடி; அடித்தவரும் பேஸில் நிற்பவரும் ஓடி முடிப்பார்கள்) வந்தவை, உண்மைதான். ஆனால் இரண்டு முறையும் அவருக்கு முன்னால் பேஸில் ஏறி நின்றவர் விட்டேக்கர். அன்றைய நான்கு ஓட்டங்களில் இரண்டு அவர் ஓடியவை. எதிரணி சான் டியாகோ, அதாவது டிராம்மெல் வளர்ந்த ஊர். தோள்வலியோடு அந்த சீசனை ஓட்டியவர் தன் சொந்த ஊர் அணிக்கு எதிராக .450 சராசரியில் (நூறு முறை பேட் பிடித்தால் 45 ஹிட் என்ற கணக்கில்) அடித்தார். அதைக் கட்டுரையாளர் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

1987இல் .343 சராசரி, 28 ஹோம் ரன் அடித்தும் அவருக்கு லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைக்கவில்லை. டொராண்டோவின் ஜார்ஜ் பெல் தட்டிச் சென்றார். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் கட்டுரையில் 2003 பற்றி எழுதியிருப்பதுதான் எனக்கு வலித்தது. டிராம்மெல் டைகர்ஸின் தலைமைப் பயிற்சியாளராக (மேனேஜர்) இருந்த முதல் ஆண்டில் அணி 119 ஆட்டம் தோற்றதை அவருடைய பெயருக்கு விழுந்த கறை என்கிறார் கட்டுரையாளர். அனுபவமற்ற பையன்களை வைத்துக்கொண்டு அந்த அணியை எடுத்து நடத்த அவர் முன்வந்தார். கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்தை ஜெயித்து, அதுவரை நவீன காலத்தின் மிக மோசமான கணக்கான 120 தோல்வி என்ற அவமானத்தைத் தவிர்த்தார்கள். அந்த ஆண்டும் அவர் டெட்ராய்ட்டுக்குச் செய்த தொண்டுதான்.

ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான புகழ் மண்டப விஷயத்துக்கு வருகிறேன். டிராம்மெல் பதினைந்து ஆண்டுகள் பத்திரிகையாளர்களின் வாக்குக்காகக் காத்திருந்தார். 2016இல் கடைசி வாய்ப்பிலும் கிடைத்தது 40.9 விழுக்காடு, தேவை 75. அதே காலத்து ஷார்ட்ஸ்டாப் ஓசி ஸ்மித்தைப் போல அவர் மைதானத்தில் குட்டிக்கரணம் போடவில்லை, இன்னொரு ஷார்ட்ஸ்டாப் ரிப்கனைப் போல ஓய்வே எடுக்காமல் ஆடிச் சாதனை படைக்கவில்லை. பந்து வந்த இடத்தில் முன்கூட்டியே நின்றார், அவ்வளவுதான். பிறகு 2017இல் ஒரு தனிக்குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு அந்த வழியாவது திறந்தது. விட்டேக்கருக்கோ 2001இல் முதல் வாக்கெடுப்பிலேயே 2.9 விழுக்காடு. ஐந்துக்குக் கீழே என்பதால் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். டிராம்மெலைவிட நான்கு ஹிட் அதிகம் அடித்தவர், 244 ஹோம் ரன் அடித்தவர், 1978இன் சிறந்த புதுமுகம்! 2019இல் குழுவின் முன் அவர் பெயர் வந்தபோது பதினாறில் ஆறு வாக்குதான் விழுந்தது. 2022 பட்டியலில் அவர் பெயரே இல்லை.

டைகர்ஸ் நிர்வாகம் இதைப் புரிந்துகொண்டது. 2018இல் டிராம்மெலின் 3ஆம் எண்ணையும், 2022இல் விட்டேக்கரின் 1ஆம் எண்ணையும் இனி யாரும் அணியக் கூடாது என்று ஒதுக்கிவைத்தது. டிராம்மெலும் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் ஆற்றிய ஏற்புரையில் விட்டேக்கருக்கு நன்றி சொல்லி, ஒருநாள் அவரும் இங்கே வர வேண்டும் என்று விரும்பினார். தனக்குக் கிடைத்த மேடையில் தன் வாழ்க்கையை எப்படி எழுத வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழிலோ அதற்கடுத்த இதழிலோ, அதே கட்டுரையாளரைக் கொண்டு, அதே அளவு இடம் ஒதுக்கி, லூ விட்டேக்கரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். அவருக்கு விளையாட்டு தெரியும், எழுதவும் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மிச்சிகன்