ஜதிக்கு நொடிக் கணக்கு இல்லை. விளக்குக்கு ஃபேடர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா மேடையானாலும் சமூக மன்றத்தில் நடக்கும் அரங்கேற்றமானாலும், மேடை விளக்கை மடிக்கணினியில் இயக்கும் குழுக்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் மவுஸை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பதிவுசெய்த பாட்டு என்றால் விளக்கு மாறும் நேரத்தை நொடிக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். நடனத்தை நடத்தும் நட்டுவனார் நேரில் அமர்ந்து தாளம் தட்டும்போது அது நடக்காது. வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் ஒரு ஜதி (தாளச் சொற்கட்டு) ஒத்திகையில் ஓடிய அதே வேகத்தில் மேடையிலும் ஓடும் என்று யாரால் சொல்ல முடியும்? ஜதியை முடித்துவைக்கும் தீர்மானத்தின் கடைசி அடியில் ஒளி மாற வேண்டுமானால் விரல் ஏற்கெனவே பட்டன்மேல் இருக்க வேண்டும். திரையில் அம்புக்குறி எங்கே என்று தேடுவதற்குள் அந்த அடி போய்விடும்.

இதற்குப் பெரிய விளக்கு மேசை தேவையில்லை. இசைக்காகச் செய்யப்பட்ட சிறிய மிடி கண்ட்ரோலரே போதும். பட்டனும் ஃபேடரும் (மேலும் கீழும் தள்ளும் விசை) அசைவதை எண்களாக மடிக்கணினிக்கு அனுப்பும் பெட்டி அது. கோர்க் நானோகண்ட்ரோல்2-இல் 8 ஃபேடர்களும் 8 திருகுகளும் இருக்கின்றன. அக்காய் ஏபிசி மினியில் கட்டம் கட்டமாக அடுக்கிய 64 பட்டன்களும் 9 ஃபேடர்களும். மேடை விளக்குகளை இயக்கும் கியூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருள் இரண்டோடும் பேசும். காரியம் கெடுவது கருவியால் அல்ல, நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அவசர அவசரமாக இணைப்பதால்.

கண்ட்ரோலரைச் செருகிவிட்டு, அதன் பிறகு மென்பொருளைத் திறக்க வேண்டும். கியூஎல்சி பிளஸ் 4-ஆம் பதிப்பில், உள்ளீடு, வெளியீடு அமைக்கும் பக்கத்தில் முதல் யூனிவர்ஸை (விளக்குச் சேனல்களின் தொகுப்பு) தேர்ந்து, கண்ட்ரோலருக்கு நேராக ‘இன்புட்’, டிஎம்எக்ஸ் அடாப்டருக்கு (மடிக்கணினியின் கட்டளையை விளக்குகளுக்கான டிஎம்எக்ஸ் சமிக்ஞையாக மாற்றும் கருவி) நேராக ‘அவுட்புட்’ என்ற கட்டங்களைக் குறியிடவும். பட்டனில் உள்ள சிறு விளக்கும் எரிய வேண்டுமானால் ‘ஃபீட்பேக்’ கட்டத்தையும் சேர்த்துக் குறியிட வேண்டும். நானோகண்ட்ரோல்2-க்கு இது மட்டும் போதாது. கோர்க்கின் சொந்த எடிட்டரில் எல்இடி முறையை ‘எக்ஸ்டர்னல்’ என்று மாற்றினால்தான் எரியும். அடுத்து, ‘விர்ச்சுவல் கன்சோல்’ என்ற பக்கத்தில் ஒரு ஸ்லைடரை (திரையில் தெரியும் ஃபேடர்) வைத்து, அதன் அமைப்பில் ‘ஆட்டோ டிடெக்ட்’ அழுத்தி, கையிலுள்ள ஃபேடரை ஒரு முறை அசைத்தால் எண் பதிவாகும். பதிவானதும் ஆட்டோ டிடெக்டை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து கை படும் ஃபேடர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த ஃபேடருக்கு எந்த விளக்கு என்பதுதான் உண்மையில் யோசிக்க வேண்டிய இடம். முன் வெள்ளை, நீலப் பின்னொளி, ஆம்பர், பக்க ஒளி ஆகிய நான்கையும் திரையில் ஒரே ஃபிரேமுக்குள் (சட்டத்துக்குள்) வைத்து, அதற்குள்ளேயே ஒரு ஸ்லைடரை, அந்த ஃபிரேமில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிக் குறைக்கும் ‘சப்மாஸ்டர்’ ஆக்குங்கள். பக்கவாத்தியக்காரர்கள்மேல் விழும் ஒளி அந்த ஃபிரேமுக்கு வெளியே தனி ஃபேடரில் இருக்கட்டும். மேடையை இருட்டாக்க ‘பிளாக்அவுட்’ பட்டனைத் தட்டினால் அவர்களும் சேர்ந்து இருட்டில் மூழ்கிவிடுவார்கள். பாடகர் முன்னாலிருக்கும் நோட்டு தெரியாது. சப்மாஸ்டரை இறக்கினால் ஆடும் இடம் மட்டும் இருளும்.

‘ஃபேடரை இறக்கியும் விளக்கு அணையவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: ஒளியளவைப் பொறுத்தவரை, வரும் கட்டளைகளில் உயர்ந்த எண்தான் செல்லும். வேறொரு ஃபேடரோ பட்டனோ அதே விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். பட்டனை இரண்டு முறை அழுத்தினால்தான் வேலை செய்கிறது என்றால், கண்ட்ரோலரிலும் மென்பொருளிலும் ‘டாகிள்’ (ஒரு முறை அழுத்தினால் எரியும், மறுமுறை அழுத்தினால் அணையும்) போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். கண்ட்ரோலரை ‘மொமெண்டரி’ (அழுத்தியிருக்கும் வரை மட்டும்) ஆக்கி, டாகிளை மென்பொருளிடம் விட்டுவிடுங்கள்.

மெல்ல இருளும் முடிவுகளுக்கு விரலை நம்ப வேண்டாம். மிடி ஃபேடர் 0 முதல் 127 வரைதான் எண்ணும். டிஎம்எக்ஸ் 255 வரை போகும். ஆகவே ஒவ்வொரு படியும் இரண்டிரண்டாகத் தாவுகிறது. ஒளி அதிகமாக இருக்கும்போது அது தெரியாது. எல்இடி விளக்கின் கடைசி ஐந்தாறு படிகளில் வெட்டி வெட்டி இறங்குவது பின்வரிசைக்குக்கூடத் தெரியும். பதம் என்ற அபிநயப் பாடலின் முடிவில் நாயகி தனியாக நிற்கும் அந்த ஒளியைப் பட்டனுக்குக் கொடுத்து, அணையும் நேரத்தை 5 நொடி என்று மென்பொருளிலேயே எழுதிவைத்தால் இடையிலுள்ள எண்களை அது நிரப்பிக்கொள்ளும்.

இன்னொன்று, இந்தக் கண்ட்ரோலர்களில் ஃபேடரை அசைத்தால்தான் அது எண் அனுப்பும். மென்பொருளைத் திறந்தவுடன் கையிலிருப்பது பாதியில் நிற்கும், திரையிலிருப்பது பூஜ்யத்தில் இருக்கும். தொட்டவுடன் விளக்கு குதிக்கும். மேடைத் திரை விலகுமுன் எல்லா ஃபேடர்களையும் ஒரு முறை மேலே தள்ளிக் கீழே இறக்குங்கள். பல விண்டோஸ் மடிக்கணினிகளில் ஒரு மிடி சாதனத்தை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். பின்னணியில் இசை மென்பொருள் ஓடினால் கண்ட்ரோலர் ஊமையாகிவிடும். யுஎஸ்பி தானாக உறங்கும் வசதியையும் அணைத்துவிடவும்.

எது பழுது என்று குழம்பினால் திரையைப் பாருங்கள். கையிலுள்ள ஃபேடரோடு திரையிலுள்ளதும் நகர்ந்து, விளக்கு மட்டும் மாறாவிட்டால் சிக்கல் டிஎம்எக்ஸ் பக்கம். திரையிலேயே நகராவிட்டால் மிடி பக்கம். விளக்கு சும்மா துடித்தால் கண்ட்ரோலரைத் திட்ட வேண்டாம். மைக் கேபிளை டிஎம்எக்ஸுக்குப் போட்டிருக்கிறார்களா, கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (இணைப்பின் முடிவில் செருகும் மின்தடை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அரங்குகளை வாடகைக்குத் தரும் சமூக மன்றங்களுக்கும் கலை நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்பதிவு உறுதியானதுமே விளக்குப் பட்டியலை, ஒவ்வொன்றின் டிஎம்எக்ஸ் முகவரியோடும் அது இயங்கும் முறையோடும் குழுக்களுக்கு அனுப்பிவையுங்கள். டிஎம்எக்ஸ் சாக்கெட் எங்கே இருக்கிறது, அது 3 முனையா 5 முனையா என்பதையும் குறிப்பிடுங்கள். அரங்கின் மேசையும் குழுவின் மடிக்கணினியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமானால் இரண்டையும் வெறும் ஒய் கேபிளில் சேர்க்க முடியாது. இரு சமிக்ஞைகளும் மோதிக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாக்கித் தரும் ‘மெர்ஜர்’ கருவி வேண்டும். அது அரங்கில் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதினால்கூடப் போதும். அந்தத் தாள் இரண்டு வாரம் முன்னால் கைக்கு வந்தால், ஃபேடர் ஒதுக்கும் வேலையை வீட்டு மேசையிலேயே முடித்து, ஒவ்வொரு ஃபேடருக்கும் கீழே வெள்ளை டேப்பில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம். அரங்கில் கிடைக்கும் ஒரு மணி நேரமும் நடனமணியின் முகத்தில் ஒளி எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்கே கிடைக்கும்.

மேடை ஒளியமைப்பாளர்,
பிடோக்