‘முழு சீல் கிட்’ என்று விற்ற பையில் முக்கியமான சீல் இல்லை

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பம்ப் ஏர் ரைபிளுக்கான சீல் கிட்டில் உள்ள குறைகள், அதற்கு உங்கள் சேவைப் பிரிவு அளித்த பதில் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பம்ப் ஏர் ரைபிளைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். காகித இலக்கில் சுட்டுப் பழகுவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல்கள் தேய்ந்துவிட்டதால், உங்கள் வலைத்தளத்தில் ‘முழு சீல் கிட்’ என்று போட்டிருந்ததை வாங்கினேன். அதில், அடித்த காற்றைத் திரும்ப விடாமல் அடைத்து வைக்கும் உள்வால்வுக்கான சீல் இல்லை. இருந்த ஓ-ரிங்குகளில் (ரப்பர் வளையங்களில்) சில, அவை உட்காரும் பள்ளமான காடிக்குப் பொருந்தாத தடிமன். உங்கள் கையேடு எந்த ஆயிலைப் போடச் சொல்கிறதோ அந்த ஆயிலையே கிட்டில் வந்த ரப்பர் தாங்கவில்லை. இதை எழுதிக் கேட்டதற்கு உங்கள் சேவைப் பிரிவிலிருந்து வந்த பதில் இன்னும் வருத்தம் தந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய சீல்கள் தேய்ந்ததைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. ரப்பர் என்றால் நாளாக ஆகக் கெட்டிப்படும், ஓரம் வெடிக்கும், அழுத்தத்தில் தட்டையாகி அப்படியே நின்றுவிடும். இத்தனை ஆண்டுகள் உழைத்ததே பெரிது. நன்றாகச் செய்யப்பட்ட துப்பாக்கி என்பதால்தான் தூக்கிப் போடாமல் சரிசெய்ய நினைத்தேன்.

எந்த சீல் போயிருக்கிறது என்பதை இந்த வகைத் துப்பாக்கி தானாகவே காட்டிக்கொடுக்கும். காற்றடிக்கும் கைப்பிடியான லிவரை அடிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் லேசாக மூடினால், பிஸ்டன் முனையில் உள்ள கப் வாஷர் தேய்ந்திருக்கிறது. சைக்கிள் பம்பில் வாஷர் காய்ந்துபோனால் கைப்பிடி லேசாக இறங்குமே, அதே கதைதான். மூடிய லிவர் தானாக மெல்ல எழும்பினால், உள்வால்வு காற்றைத் திரும்பப் பம்புக்குள் விடுகிறது. பேரல் வழியாக ‘உஸ்’ என்று சத்தம் வந்தால், சுடும்போது காற்றைத் திறந்துவிடும் வெளிவால்வு சரியாக உட்காரவில்லை. என்னுடையதில் முதல் இரண்டு அறிகுறிகளும் தெளிவாக இருந்தன. அதாவது, எனக்குக் கட்டாயம் வேண்டியவை கப் வாஷரும் உள்வால்வு சீலும். அந்த இரண்டில் ஒன்று உங்கள் ‘முழு’ கிட்டில் இல்லை.

கேட்டால், உள்வால்வு சீல் தனியாகக் கிடைக்காது, முழு வால்வுத் தொகுதியோடுதான் வரும் என்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். அதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டாமா? பம்ப் துப்பாக்கியில் காற்றை ஒருவழியாக அடைத்து வைப்பதே உள்வால்வுதான். அது கசிந்தால் மற்ற எல்லா சீலும் புதிதாக இருந்தும் பயனில்லை. அதை விட்டுவிட்டு ‘முழு’ என்று பெயர் வைப்பது வாங்குபவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது.

அடுத்தது அளவு. பழைய ஓ-ரிங்குகள் கழன்று வந்தவுடன் காடிகளையும் வெர்னியர் காலிப்பரில் அளந்தேன். வால்வு உடலின் வெளிக் காடிகள் 1.78 மில்லிமீட்டர் தடிமன் வளையத்துக்காகக் கடையப்பட்டவை. உலகம் முழுக்கப் புழங்கும் அங்குல வரிசை ஓ-ரிங்கின் தடிமன் அது. கிட்டில் வந்தவை 2 மில்லிமீட்டர். கேட்க அற்ப வித்தியாசம்போல இருக்கும். ஆனால் ஓ-ரிங்கின் குறுக்குவெட்டு வட்டம், தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 1.78க்குப் பதில் 2 என்றால் ரப்பரின் பரப்பு கால் பங்குக்கும் மேல் அதிகம். காடியில் அவ்வளவு ரப்பருக்கு இடம் இல்லை. ரப்பரை அமுக்கினால் வடிவம் மாறுமே தவிரக் கன அளவு குறையாது. காடிக்குள் அடங்காத ரப்பர் வெளியே பிதுங்கி நிற்கிறது. வால்வைக் குழாய்க்குள் தள்ளும்போது அது லிவர் வெட்டின் விளிம்பிலும் காற்றுத் துளையின் விளிம்பிலும் மாட்டிச் சீவப்படுகிறது. நுண்ணிய எமரித் தாளால் விளிம்புகளின் பிசிறை எடுத்துவிட்டு, கிரீஸ் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றித்தான் தள்ளினேன். அப்படியும் வளையம் சீவிக்கொண்டு வந்தது. அளவு பொருந்தாத ரப்பரை எவ்வளவு பக்குவமாகப் பொருத்தினாலும் இதுதான் நடக்கும்.

பிறகு, நைட்ரைல் ரப்பரில், ஷோர் ஏ 70 (ரப்பரின் கடினத்தைக் குறிக்கும் அளவு) கடினத்தில், 1.78 தடிமனுள்ள வளையங்களை வெளியில் வாங்கிப் போட்டேன். அவை எந்தச் சிக்கலும் இல்லாமல் உள்ளே போயின, குழாயின் சுவரில் காற்று கசிவதும் நின்றது. காடியில் தப்பு இல்லை, வளையத்தில்தான் தப்பு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. உங்கள் கையேடு, பம்ப் தண்டில் உள்ள ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) வளையத்துக்கு அவ்வப்போது சில துளி மினரல் ஆயில் விடச் சொல்கிறது. நல்ல அறிவுரை. ஆனால் கிட்டில் மீந்த ஓ-ரிங் ஒன்றையும், துப்பாக்கியிலிருந்து எடுத்த பழைய ஓ-ரிங் ஒன்றையும் அதே ஆயிலில் சில நாள் ஊறப் போட்டுப் பார்த்தேன். பழையது அளவு மாறாமல் இருந்தது. உங்கள் புதியது ஊதிப் பெருத்து, கைக்கு வழவழவென்று மெத்தென்று ஆகிவிட்டது. நைட்ரைல் ரப்பர் மினரல் ஆயிலில் இப்படி ஊதாது. ஈ.பி.டி.எம் ரப்பர் ஊதும், இயற்கை ரப்பரும் ஊதும். தண்ணீருக்கும் நீராவிக்கும் ஈ.பி.டி.எம் அருமையான பொருள்தான், மினரல் ஆயில் படும் இடத்துக்கு அது ஆகாது. கிட்டின் உறையில் எந்த ரப்பர், என்ன கடினம் என்று ஒரு சொல்கூட அச்சிடவில்லை. கையேட்டைப் படித்து, சொன்னபடி ஆயில் விட்டு, துப்பாக்கியை அக்கறையாகப் பராமரிக்கிறவருக்குத்தான் சீல் முதலில் கெடும் என்றால் அது எவ்வளவு அநியாயம்!

கப் வாஷர் பற்றியும் ஒரு வார்த்தை. புதியது பழையதைவிடச் சற்று உயரம் குறைவு. லிவர் முழுதாக மூடும்போது பிஸ்டன் முனை வால்வின் முகத்தோடு போய்ச் சேர வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால், ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் காற்று வால்வுக்குள் போகாமல் அந்த இடைவெளியிலேயே தங்கிவிடும். அழுத்தம் ஏற ஏற இந்த இழப்பும் கூடும். என் மாடலில் பிஸ்டன் தண்டைத் திருகி நீளத்தைக் கூட்ட முடியும், அதனால் சரிசெய்துகொண்டேன். ஆனால் இப்படி ஒரு சரிசெய்தல் இருக்கிறது என்று கிட்டோடு யாரும் சொல்லவில்லை. கப்பின் உதடு வால்வைப் பார்த்து இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. திருப்பிப் போட்டால் காற்றே பிடிக்காது.

உண்மையில் கிட்டோடு ஒரு துண்டுத் தாள்கூட வரவில்லை. இது வசதிக் குறைவு என்பதோடு நிற்கவில்லை, பாதுகாப்புப் பிரச்சினையும் ஆகிறது. கசியும் துப்பாக்கியில் வேகம் போதவில்லை என்று, கையேட்டில் சொன்ன எண்ணிக்கையைத் தாண்டி லிவரை அடிக்கிறவர்கள் உண்டு. அழுத்தம் மிஞ்சினால், துப்பாக்கிக்குள் வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலால் வெளிவால்வை முழுதாகத் திறக்க முடியாது, சுட்ட பிறகும் உள்ளே காற்று தங்கும். அந்த நிலையில் காலியாகிவிட்டது என்று நம்பி ஒருவர் பாகங்களைப் பிடித்திருக்கும் பின்னை (pin) தட்டிக் கழற்றினால், வால்வோ ஸ்பிரிங்கோ முகத்தில் வந்து அடிக்கலாம். குண்டு இல்லை என்று பார்த்து, பேரலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, காற்று முழுதும் வெளியேறியதை உறுதி செய்த பிறகே திருகுகளில் கை வைக்க வேண்டும் என்று தாளின் முதல் வரியில் கொட்டை எழுத்தில் போட உங்களுக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

இப்போது உங்கள் சேவைப் பிரிவின் பதிலுக்கு வருகிறேன். வீட்டில் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது, துப்பாக்கியைச் சேவை மையத்துக்கு அனுப்புங்கள் என்று இரண்டே வரி. என் உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதை நான் கேட்கவும் இல்லை. நான் கேட்டது வளையத்தின் தடிமனும் ரப்பரின் பெயரும். உத்தரவாதம் முடிந்தவர்கள் வீட்டில் மாற்றிக்கொள்ளத்தான் சீல் கிட்டே விற்கிறீர்கள். விற்ற பிறகு, பிரித்ததே குற்றம் என்பதுபோலப் பேசுவது முறையா? தவிர, ஏர் ரைபிளைக் கூரியரில் அனுப்புவது எல்லா இடத்திலும் சுலபமும் இல்லை. இரண்டு ரப்பர் வளையத்துக்காக முழுத் துப்பாக்கியும் போய்வர வேண்டியதும் இல்லை.

ஓ-ரிங்கை நான் வெளியில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கப் வாஷரும் வால்வுத் தலைகளும் உங்கள் அச்சில் மட்டும் வருபவை. அவற்றுக்கு உங்களை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை. அதனால்தான் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு ஒதுங்காமல் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் வேண்டுவது இதுதான். உள்வால்வு சீலும் சரியான அளவு ஓ-ரிங்குகளும் அடங்கிய கிட்டை எனக்கு மாற்றித் தாருங்கள். அது முடியாது என்றால் கிட்டின் முழு விலையைத் திருப்பித் தாருங்கள், உள்வால்வு சீலை மட்டுமாவது தனியாக விற்றுத் தாருங்கள். கிட்டில் உள்ள ஒவ்வொரு சீலின் அளவு, ரப்பர் வகை, கடினம் மூன்றையும் எழுத்தில் தெரிவியுங்கள். பாகங்கள் வரிசையாகத் தெரியும் ஒரு வரைபடத்தையும், பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய பாதுகாப்பு முறைகளையும் இனி ஒவ்வொரு கிட்டோடும் வையுங்கள். ஆயிலில் ஊதும் ரப்பர் என்று உங்கள் சோதனையிலும் தெரிந்தால், அந்தத் தொகுப்பின் விற்பனையை உடனே நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள். கிட்டை மாற்றிப் போட்டுவிட்டு, துப்பாக்கி ஏன் மறுபடி கசிகிறது என்று புரியாமல் இருப்பவர்கள் என்னைத் தவிரவும் இருப்பார்கள்.

சீவப்பட்ட வளையம், ஊதிய வளையம், பழைய சீல்கள், கிட்டின் உறை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன். அளவுகள் தெரியும் புகைப்படங்களையும் வாங்கிய ரசீதின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன். இந்தமுறை உங்கள் பொறியாளர் ஒருவர் இவற்றைப் பார்த்த பிறகு எனக்குப் பதில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், புகைப்படங்கள், சேவைப் பிரிவின் பதில் நகல்