பென் டிரைவில் வந்த விருந்தாளி

காரைக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை மட்டும் காற்றில் விட்டிருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு உள்ளூரிலேயே காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டல் செலவு மிச்சம்.

உன் லேப்டாப்பில் டிஃபென்டர், அதான் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ், காட்டிய எச்சரிக்கையை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தாயே, பெரிதாக்கிப் பார்த்தேன். ‘பேக்டோர்’ என்று தொடங்கி ‘பிளாடபிண்டி’ என்று முடிகிற பெயர். பேக்டோர் என்றால் பின்வாசல், வெளியாள் ஒருவன் நம் கம்ப்யூட்டரை ஆட்டிவைக்க வழிவிடும் திருட்டு ப்ரோக்ராம். பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிற்றைப் பிசைந்தது. எங்கள் கடைக்கும் வந்துபோன ஆசாமிதான். வெட்கப்பட்டுக்கொண்டு உனக்கு இதுவரை சொல்லவில்லை.

போன தை மாதம், முகூர்த்த சீசன். ஒருவர் கல்யாணப் பத்திரிகைக்கான பெயர்ப் பட்டியலையும் போட்டோவையும் பென் டிரைவில் கொண்டுவந்தார். செருகினேன். உள்ளே இரண்டு ஃபோல்டர். இரண்டின் இடது மூலையிலும் குட்டியாக ஒரு வளைந்த அம்புக்குறி, ஷார்ட்கட்டுக்கு வருமே, அது. இருபது வருஷமாக டிடிபி வேலை பார்க்கிறேன், அந்த அம்புக்குறிக்கு அங்கே என்ன வேலை என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கவுன்டரில் நாலு பேர் நிற்கிறார்கள், ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கியிருக்கிறது. டபுள் கிளிக் செய்துவிட்டேன். ஃபோல்டர் திறந்தது, போட்டோ இருந்தது, பத்திரிகையும் அடித்துக் கொடுத்தாயிற்று.

அதன் சாமர்த்தியமே அதுதான். அசல் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை உட்கார வைத்துவிடும். நாம் கிளிக் செய்தால் முதலில் தன்னை ஓடவிட்டுக்கொண்டு, பிறகு மறைத்த ஃபோல்டரையும் திறந்து காட்டும். நமக்குச் சந்தேகமே வராது. நமக்கு வராவிட்டாலும் ஆன்டிவைரஸ் பிடித்திருக்க வேண்டும். அதையும் நானே கெடுத்து வைத்திருந்தேன். காசு கொடுக்காமல் போட்ட ஒரு ஃபான்ட் சாஃப்ட்வேரை அது அடிக்கடி தடுக்கிறது என்று, ‘இந்தப் பக்கம் பார்க்காதே’ என அது இருந்த டிரைவ் முழுவதையும், தற்காலிக ஃபைல்கள் விழும் டெம்ப் ஃபோல்டரையும் விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தேன். காவல்காரனை நானே டீ குடிக்க அனுப்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. மெஷின் ஸ்லோ ஆகவில்லை, ஸ்கிரீனில் எதுவும் குதிக்கவில்லை. பிறகு ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். “ஏண்ணே, பேங்க் அக்கவுண்ட் மாத்திட்டீங்களா?” நான் மாற்றவில்லை. ஆனால் என் மெயிலிலிருந்து அவருக்கு பில் போயிருக்கிறது, அதே லெட்டர்ஹெட், அதே தொகை, அக்கவுண்ட் நம்பர் மட்டும் வேறு. நல்லவேளை, பணம் போடுமுன் கேட்டார்.

அன்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லா ப்ரோக்ராமையும் மூடிவிட்டு உட்கார்ந்தேன். மோடம் லைட் விடாமல் சிமிட்டியது. அது மட்டும் சாட்சியாகாது, விண்டோஸ் அப்டேட் இறங்கினாலும் சிமிட்டும். நெட்ஸ்டாட் கட்டளை கொடுத்து, எந்த ப்ரோக்ராம் வெளியே யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். விண்டோஸின் சொந்தப் பிள்ளை மாதிரி ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்று ஒன்று இருந்தது. பெயர் சரி, விலாசம் தப்பு. அசல் ஆள் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் குடியிருப்பவன். இவன் டெம்ப் ஃபோல்டரில் படுத்திருந்தான்.

நம் பிரவுசிங் சென்டர் நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? நம் செட்டில் ஒருத்தன் பக்கத்து மெஷினின் சிடி டிரேயைத் திறந்து திறந்து மூடி, பேய் என்று எல்லோரையும் பயமுறுத்துவானே. இன்னொரு மெஷினைத் தூரத்திலிருந்தே ஆட்டிவைக்கும் ப்ரோக்ராம், 1998ல் வந்த நெட்பஸ் அது. இதுவும் அதே வம்சம்தான். ஒரு பெரிய வித்தியாசம், நெட்பஸ் 12345 என்ற போர்ட்டை, அதாவது கம்ப்யூட்டரின் ஒரு நெட்வொர்க் வாசலை, திறந்துவைத்துக்கொண்டு வெளியிலிருந்து ஆள் வரக் காத்திருக்கும். இப்போதைய பேக்டோர் காத்திருப்பதில்லை. நம் வீட்டுக்குள்ளிருந்து அதுவே எஜமானுக்குப் போன் போடுகிறது. வெளியிலிருந்து வருபவனைத்தான் ஃபயர்வால் என்ற வாசல் காவல் முறைத்துப் பார்க்கும். உள்ளிருந்து போகிறவனைப் பெரும்பாலும் கேட்பதில்லை. நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்துக்கொள்வது, ஸ்கிரீனைப் படம் எடுப்பது, கேமராவைத் திறப்பது எல்லாம் அங்கிருந்தே நடக்கும்.

அது கூப்பிடும் விலாசமும் நிலையாக இருக்காது. ஐபி என்ற இணைய முகவரி எண் மாறினாலும் பெயர் மாறாத டைனமிக் டிஎன்எஸ் சேவையில் ஒளிந்துகொள்வார்கள். இதே பிளாடபிண்டியை ஒடுக்கத்தான் 2014 ஜூன் கடைசியில் மைக்ரோசாப்ட் கோர்ட் உத்தரவு வாங்கி, நோ-ஐபி என்ற அப்படியொரு நிறுவனத்தின் 20க்கும் மேற்பட்ட டொமைன்களை, அதாவது இணையப் பெயர்களை, தன் கைக்கு மாற்றிக்கொண்டது. திருடனோடு சேர்ந்து லட்சக்கணக்கான அப்பாவிகளின் இணைப்பும் அறுந்து ஒரே ரகளை. டொமைன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிளாடபிண்டி இன்னும் நடமாடுகிறது, உன் வீடு வரைக்கும் வந்திருக்கிறது.

இப்போது உன் விஷயம். டிஃபென்டர் பிடித்துத் தனியே வைத்துவிட்டது, அத்தோடு சரி என்று தம்பி சொல்கிறான் என்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடை மெஷினைச் சுத்தம் செய்து பத்து நாள் கழித்துத் தற்செயலாக ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்தேன். ‘பில்’, ‘பேமென்ட்’ என்ற வார்த்தை உள்ள எந்த மெயில் வந்தாலும் ஒரு நகல் யாரோ ஒருவனுக்குப் போகும்படி ஃபில்டர் போட்டு வைத்திருந்தான். கம்ப்யூட்டரில் ஒன்றுமே இல்லை, செல்வம். அவன் வேலையை மெயிலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். புது பாஸ்வேர்டு வந்தும் அந்த ஃபில்டர் அசையவில்லை.

அதனால் முதலில் லேப்டாப்பின் வைஃபையை அணை. அதில் எந்த பாஸ்வேர்டையும் இனித் தட்டாதே. உன் போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்று, மெயில் போனால் மற்றதெல்லாம் ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ வழியாகப் போய்விடும். எல்லா இடத்திலிருந்தும் சைன் அவுட் கொடு, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடு, ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பார். பிறகுதான் பேங்க், ஜிஎஸ்டி போர்ட்டல். பணம் ஏதாவது போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடாமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்.

அடுத்தது டிஃபென்டரில் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடுவதால் திருடன் தூங்கும்போதே பிடிக்கலாம், கால் மணி நேரம்தான் ஆகும். மைக்ரோசாப்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியைத் தம்பியை வேறு மெஷினில் இறக்கித் தரச் சொல். கம்ப்யூட்டர் எழும்போது தானாக ஓடுகிற எல்லாவற்றையும் அது வரிசையாகக் காட்டும். தயாரித்தவர் யாரென்று உறுதியாகாதவை பிங்க் நிறத்தில் வரும், அதெல்லாமே கெட்டதில்லை, ஆனால் ஒவ்வொன்றும் எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று பார். விலக்குப் பட்டியலையும், ஃபயர்வாலில் அனுமதி பெற்றவர்களின் பட்டியலையும் மறக்காதே. இந்த ஜாதி தன் பெயரைத் தானே அங்கே எழுதிக்கொள்ளும்.

இதெல்லாம் செய்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. கடைசியில் ஃபார்மட்தான் செய்தேன். உனக்கும் அதையே சொல்வேன். பத்து கடைக்காரர்களின் கணக்கு அந்த லேப்டாப்பில் இருக்கிறது. டாக்குமென்டையும் போட்டோவையும் மட்டும் எடு, ப்ரோக்ராம் எதையும் எடுக்காதே. விண்டோஸ் போடும் பென் டிரைவை வேறு சுத்தமான மெஷினில் தயார் செய். வீட்டில் கிடக்கும் மற்ற பென் டிரைவ்களையும் ஸ்கேன் செய்யாமல் புது விண்டோஸில் செருகினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அந்தப் பத்துக் கடைக்காரர்களிடமும் நீ சொல்லித்தான் ஆக வேண்டும். கஷ்டம்தான். நான் என் வாடிக்கையாளர்கள் முப்பத்தெட்டு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், “அதுக்கென்னண்ணே, எங்க வீட்டு கம்ப்யூட்டர்லயும் அம்புக்குறி வருது, வந்து பாருங்க” என்றார். யாரென்று நினைக்கிறாய்? அந்தக் கல்யாணப் பத்திரிகைக்காரர்தான்.

புதன்கிழமை கடைக்கு லீவு. காலை பத்து மணிக்கு ஆஃப்லைன் ஸ்கேனைப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய், ஓடி முடிகிறவரை பேசிக்கொண்டிருப்போம். லேப்டாப்பைக் கீழேயே வைத்துக்கொள், அதற்காக மாடி ஏறாதே.

அன்புடன்,
ராமு