பெய்ஜிங்கும் அதன் பழைய பெயர்களும்

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

நீ மொழிபெயர்க்கும் வரலாற்றில் 'நான்ஜிங்' வரும் இடமெல்லாம் 'யாங்சி ஆற்றங்கரை நகரம்' என்று அடிக்குறிப்பு போடுவதாக எழுதியிருந்தாய். உடனே நிறுத்து. 938இல் வடக்கே ஆண்ட லியாவ் அரசு இன்றைய பெய்ஜிங்குக்குத்தான் நான்ஜிங் என்று பெயர் வைத்தது. நான் தெற்கு, பெய் வடக்கு, ஜிங் தலைநகர். அவர்கள் நாடு அதற்கும் வடக்கே பரந்து கிடந்ததால் இது அவர்களுக்குத் தெற்கு. அவர்களுக்குத் தெற்கே ஆண்ட எதிர்த்தரப்புச் சொங் அரசின் ஏடுகளில் 1042க்குப் பின் 'பெய்ஜிங்' என்று வந்தாலோ, அது தாமிங் என்ற வேறு ஊர். ஆகவே முதலில் ஆண்டைப் பார், எந்த அரசின் ஏடு என்று பார், பெயர் அப்புறம்.

1153இல், லியாவை வீழ்த்திய ஜின் அரசு இதை ஜொங்து, அதாவது நடுத்தலைநகர் ஆக்கியது. 1215இல் மங்கோலியர் பிடித்தார்கள். குப்ளாய் கான் 1267இல் அதற்கு வடகிழக்கே புது நகரம் எழுப்பத் தொடங்கி, 1272இல் தாதூ என்று பெயரிட்டார். ('தாது' என்று குறிலில் எழுதிவிடாதே, சித்த வைத்தியம் என்று நினைப்பார்கள்.) மார்க்கோ போலோவின் கம்பாலுக் இதுதான், கான்பாலிக், கானின் நகர். தாதூவின் மதில் கெட்டித்த மண். மங்கோலியரை விரட்டிய மிங் அரசின் படை 1368இல் வடமதிலைத் தெற்கே தள்ளிக் கட்டியதால் பழைய மண்மேடு வெளியே தங்கிவிட்டது. இன்றும் பத்தாம் எண் மெட்ரோ தடத்தில் பெய்துசெங் என்றொரு நிலையம் உண்டு: 'வட மண்மதில்'.

மிங் அரசின் தலைநகர் அப்போது தெற்கே இருந்ததால் இவ்வூர் பெய்பிங், 'வட அமைதி', ஆனது. யொங்லெ பேரரசர் 1403இல் பெய்ஜிங் என்று மாற்றினார். 1421இல் தலைநகரும் வந்தது. 1928இல் தலைநகர் யாங்சிக்கரை நான்ஜிங்குக்குப் போனதும் மீண்டும் பெய்பிங். 1937இல் ஜப்பானியர் பிடித்த பின் பெய்ஜிங் (சீன அரசு அதை ஏற்கவில்லை), 1945இல் பெய்பிங், 1949 செப்டம்பர் 27இல் திரும்பவும் பெய்ஜிங். எனவே 1940ஆம் ஆண்டுத் தாளில் எந்தப் பெயர் என்பதே எழுதியவர் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பீகிங் தனிப்பெயர் இல்லை. வடசீனப் பேச்சில் 'கி' நாளடைவில் 'ஜி' ஆயிற்று. மேலைநாட்டார் பழைய ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள். கன்னடக் 'கிவி' நமக்குச் 'செவி' ஆனதில்லையா, அப்படித்தான். பெய்ஜிங் தலைநகர் விமான நிலையத்தின் குறியீடு இன்னும் பீகிங்கை ஒட்டிய பி.இ.கே. (PEK) தான்.

அடுத்த அத்தியாயம் அனுப்பும்போது சீன எழுத்தையும் ஓரத்தில் குறித்து அனுப்பு. 'ஜின்' அரசா, தலைநகர் 'ஜிங்'கா என்று ஒலியை மட்டும் வைத்து என்னால் பிரிக்க முடியாது.

அன்புடன்,
ரவி