ஒற்றை இறக்கைத் தேனீ

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. நீ திட்டப்போகும் வார்த்தைகளையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட்டேன், மறுபடி வேண்டாம். வசந்தாவுக்கு முழங்கால் வலி தேவலை. சுந்தரம் இன்னும் கடனைத் திருப்பித் தரவில்லையா? தந்துவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் தெருமுனை ஞாயிறு பள்ளிக் கட்டடத்தைப் போன மாதம் இடித்துவிட்டார்கள். காலையில் பஸ்ஸில் போனபோது பாதிச் சுவர் நின்றது. மாலையில் அதுவும் இல்லை.

இதில் எனக்கும் பங்கு உண்டு. சட்டப்படி காக்கப்படும் பழைய கட்டடங்களின் நாட்டுப் பட்டியலில் ஏறும் தகுதி இல்லாவிட்டாலும் ஊருக்கு வேண்டிய கட்டடங்களுக்கென்று கவுன்சில் ஓர் உள்ளூர்ப் பட்டியல் தயாரிக்கிறது. ஓய்வு பெற்றவன் சும்மாதானே இருக்கிறோம் என்று தன்னார்வலனாகச் சேர்ந்தேன். படிவத்தில் 'ஏன் முக்கியம்?' என்று ஒரு கட்டம். அன்று மழை, நல்ல பசி வேறு. 'பழையது, அழகானது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். குழு தள்ளிவிட்டது. தள்ளாமல்? இங்கிலாந்தில் பழைய செங்கல் கட்டடத்துக்கா பஞ்சம்?

ஏறியிருந்தாலும் தப்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்பு பார்த்தவன் நீ, இந்த வேடிக்கையை ரசிப்பாய். அந்த இடத்தில் புதிதாகக் கட்ட யாராவது அனுமதி கேட்டால், உள்ளூர்ப் பட்டியலில் இருப்பதைக் கவுன்சில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெறுமனே இடிப்பதென்றால் பெரும்பாலும் முன்கூட்டித் தகவல் கொடுத்தால் போதும். எப்படி இடிப்பாய், இடித்தபின் இடத்தை எப்படி விட்டுவைப்பாய் என்று கேட்கலாம். ஏன் இடிக்கிறாய் என்று கேட்க முடியாது! அதைத் தடுக்க '4ஆம் பிரிவு ஆணை' என்று தனியாக ஒன்று போட வேண்டும். பப்களை இடிப்பதென்றால் 2017 முதல் முறையான அனுமதி வேண்டும். குடிப்பவர்களுக்கு இருக்கும் ஒற்றுமை நமக்கு இல்லை.

பப் என்றதும் நினைவு வருகிறது. லண்டன் மைடா வேலில் கார்ல்டன் டேவர்ன் என்று ஒன்று. நாட்டுப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, 2015இல், அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளினார்கள். இருந்தது இருந்தபடியே கட்டிக்கொடு என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் உத்தரவு போட்டது. 2021இல் மறுபடி திறந்தார்கள். எப்படி முடிந்தது? இடிப்பதற்கு முன்பே ஆய்வாளர்கள் வந்து படமும் பதிவும் எடுத்து வைத்திருந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. ஞாயிறு பள்ளியை நாளைக்கே திருப்பிக் கட்டச் சொன்னாலும் எதைப் பார்த்துக் கட்டுவார்கள், முருகேசா? என் இரண்டு சொல்லைப் பார்த்தா?

அடுத்து என் கையில் இருப்பது பழைய கூட்டுறவுக் கடை. வாசலுக்கு மேலே தேன்கூடு செதுக்கிய கல், அந்தக் காலக் கூட்டுறவுச் சங்கங்களின் சின்னம். ஏணி போட்டு ஏறினேன். வசந்தா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டே திட்டினாள். கூட்டைச் சுற்றி ஏழு தேனீக்கள், ஓரத்தில் இருப்பதற்கு மட்டும் ஒற்றை இறக்கை. கல்லில் இடம் போதவில்லை போலிருக்கிறது, சிற்பி அப்படியே விட்டுவிட்டான். பக்கத்து வீட்டு மூதாட்டி தன் அம்மாவின் உறுப்பினர் எண்ணை இன்றும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறாள். ஒவ்வொரு முறை சாமான் வாங்கும்போதும் அதைச் சொன்னால்தான் லாபப்பங்கு கணக்கில் ஏறுமாம். சிறுமியாகக் கடைக்குப் போனவளுக்கு மறக்குமா? கட்டத்தில் அதையும் எழுதினேன். இடம் போதாமல் தனித்தாள் இரண்டு ஒட்டியிருக்கிறேன்.

இப்போது உன்னிடம் வேலை. முகப்பின் அளவுகளையும் படங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கைக்கோடு இன்னும் நடுங்கவில்லை என்று பீற்றிக்கொண்டாயே, அளவு பிசகாமல் வரைந்து அனுப்பு. 30ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த ஒற்றை இறக்கைக்கு ஜோடி சேர்த்துவிடாதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

உன்,
ராகவன்