யார் பக்கத்துக் குறை?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் பற்றிய உங்கள் கட்டுரை, உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியையும் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தையும் நன்றாக விளக்கியது. மரபணுப் பரிசோதனையை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியில்தான் எங்கள் வீட்டில் ஆறு மாதம் போயிற்று.

நான் அத்தை மகனைக் கட்டியவள். மகளுக்கு எட்டாம் மாதம், கேட்கும் திறனைப் பார்க்கும் பெரா டெஸ்டில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வரட்டும் என்று காது மெஷினைத் தள்ளிப்போட்டோம். அப்படித் தள்ளிப்போடத் தேவையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வந்த தாளில் 'ஜிஜேபி2' என்று ஒரு மரபணுவின் பெயர் இருந்தது. "சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்" என்று நீட்டினார்கள், அவ்வளவுதான். வீடு வந்து சேர்வதற்குள் யார் பக்கத்துக் குறை என்ற பேச்சு தொடங்கிவிட்டது. மாமியார் என் சொந்த அத்தை. யாரைத் திட்டினாலும் அது ஒரே தாத்தாவிடம்தான் போய் நிற்கும். அதுகூட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

வேறு ஊரில் ஒரு மரபணு ஆலோசகர் பென்சிலால் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் விளங்கியது. எங்கள் இருவரிடமும் அந்த மரபணுவில் ஒன்று பழுது, ஒன்று நல்லது. அதனால் எங்களுக்குக் காது கேட்கிறது. மகளுக்குப் பழுதான இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன. சொந்தம் இல்லாத தம்பதிக்கும் இப்படி நேரலாம். நாலில் ஒரு பிள்ளைக்கு இப்படி வரலாம் என்றால் அடுத்த மூன்று பிள்ளைகள் தப்பும் என்று கணக்குப் போட்டிருந்தோம். அப்படி இல்லை, ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25 சதவீதம்தான். இந்த வகையில் பழுது பெரும்பாலும் உட்காதோடு நின்றுவிடும், இம்பிளான்ட் நன்றாகவே பலன் தரும் என்றும் சொன்னார். அன்றைக்குத்தான் என் கணவர் சாப்பிட்டார்.

பரம்பரைக் காது கேளாமையின் வேறு சில வகைகளில் பிற்பாடு பார்வை குறையலாம், சிலவற்றில் இதயத் துடிப்பையும் சோதிக்க வேண்டும். காரணம் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் மரபணுக் கோளாறே இல்லை என்று அர்த்தமும் இல்லை. இதையெல்லாம் ஊசி குத்தும் முன்பே அரை மணி நேரம் உட்கார்ந்து பேச, குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் ஒரு ஆலோசகர் வேண்டும். பேசும்போது மாமனார், மாமியாரும் கூட இருக்க வேண்டும்.

கொழுந்தனாருக்கும் இப்போது சொந்தத்தில்தான் பெண் பார்க்கிறார்கள். போன வாரம் அத்தையே வந்து அந்தப் பென்சில் படத்தைக் கேட்டு வாங்கிப் போனார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு மாவட்டம்